வலது கைக்குப் பதினோரு வளையல்

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் சிங்காரவேல் பத்தர் அண்ட் சன்ஸ் என்ற கடிகார, வைர நகை மாளிகையை நடத்துகிற குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறக்கிறவனுக்கு நெஞ்சுக்குள் கடிகாரம் ஓடும் என்பது ஊரில் பால்காரர் வரைக்கும் தெரிந்த சங்கதி என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் அது எத்தனை நொடி முந்துகிறது, எத்தனை நொடி பிந்துகிறது என்பதைப் பற்றித்தான். அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த அபயாம்பாளுக்கும் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். குத்தாலத்தில் பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அப்பா மாப்பிள்ளை கும்பலிங்கத்தின் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தன் கைக்கடிகாரத்தை நாலு நிமிஷம் தள்ளி வைத்துக்கொண்டு, "நல்ல இடம்தான்" என்று எழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் முகத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. வலது கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார்கள்.

விரலைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில், கும்பலிங்கத்தின் தாத்தாவான சிங்காரவேல் பத்தர் வெறும் நகைப் பத்தராக அங்கே போய், ஒரு துரையிடம் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு சுவிஸ் கடிகாரத்தைக் கண்டு மயங்கி, மனைவியின் காசுமாலையைக் கொடுத்து அதை வாங்கி, திரும்பும் வழியில் எல்லைச் சுங்கச்சாவடியில் சிப்பாய் மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னதும் வேறு வழி தோன்றாமல் ஒரு பூவன் பழத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து விளக்கெண்ணெய் குடித்தார், மறுநாளும் குடித்தார், கொல்லைப்புறமே கதி என்று கிடந்தார். கடிகாரமோ கீழே இறங்குவதற்குப் பதில் மேலே ஏறி, இடது மார்பில் வசதியாக இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு டிக் டிக் என்றது. இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தச் சத்தம் தளர, மனிதருக்குக் கண் செருகிக் கை கால் சில்லிட்டு, வீடே கூடி ஒப்பாரிக்குத் தயாரான நேரத்தில், காசுமாலை போன ஆத்திரம் இன்னும் ஆறாத மனைவி, "போறதுக்கு முன்னாடி இதையும் வாங்கிக்கிட்டுப் போங்க" என்று அவருடைய காதைப் பிடித்து முறுக்கினாள். உள்ளே கரகரவென்று சாவி ஏறியது. பத்தர் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார்.

அன்று பிறந்ததுதான் அந்தக் குடும்பத்துச் சட்டம். காலை ஆறு மணிக்குக் காதைப் பன்னிரண்டு முறை திருக வேண்டும். கல்யாணம் வரைக்கும் அம்மா திருகலாம்; தாலி ஏறிய கணத்திலிருந்து மனைவியின் கை தவிர எந்தக் கைக்கும் சாவி பிடிக்காது, காதுதான் சிவக்கும். ஒரு தடவை கொடுத்தால் முப்பத்தாறு மணி நேரம் ஓடும். அதற்கு மேல் ஓடாதா என்று கேட்பவர்களுக்குச் சிங்காரவேல் பத்தரின் முடிவையே சொல்வார்கள்: செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு அவர் மனைவி கண்ணை மூடினாள், புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் நின்றார். ஊர் அதை அன்பு என்றது, வீட்டில் அதைச் சாவி என்றார்கள், இரண்டில் எது என்று விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

கடை என்னவோ அந்த நெஞ்சை நம்பித்தான் வளர்ந்தது. நாடி பார்க்க வந்த டாக்டர் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு போனார். மிராசுதார்கள் தங்கக் கடிகாரம் வாங்குவதற்கு முன் முதலாளியின் மார்பில் காதை வைத்து ஒத்துப் பார்த்தார்கள். பெண்கள் அப்படிக் கேட்பது முறையில்லை என்பதால், நாதஸ்வரத்தின் அகன்ற அடிப்பாகத்தைக் கழற்றிக் கல்லாவில் வைத்திருந்து, அதைக் குழாய்போல வைத்துக் கேட்கச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குக் கடிகாரமும் பெண்ணுக்குத் தாலியும் ஒரே பட்டுப் பெட்டியில், அதே கடையில் எடுத்தால்தான் கல்யாணம் நேரத்துக்கு நடக்கும் என்று ஒரு வழக்கம் எப்படியோ ஏற்பட்டு, பிறகு சாஸ்திரத்திலேயே இருப்பதாக ஆகிவிட்டது. நகராட்சிச் சங்கு ஊதுகிறவர் முதல் முகூர்த்தம் வைக்கிற சாஸ்திரிகள் வரை தினமும் காலையில் கடைக்கு வந்து, "நேரம் எடுத்துக்கிட்டு" போனார்கள்.

கும்பலிங்கம் நல்லவன். பொய் சொல்லத் தெரியாது, குரலை உயர்த்தத் தெரியாது, கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் பேசத் தெரியாது. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் மனைவிக்கு ஒரு தங்க வளையல் செய்து போடுவான், கல் பதித்து, தானே மெருகேற்றி. ஆனால் வலது கைக்கு மட்டும். சாவி கொடுக்கிற கைக்குத்தானே மரியாதை என்பது அவன் எண்ணம். பதினோரு வருஷத்தில் அபயத்தின் வலது கையில் பதினோரு வளையல் முழங்கைவரை ஏறியிருந்தன. இடது கையில் கும்பேசுவரன் கோயில் வாசலில் அவளே வாங்கிப் போட்டுக்கொண்ட கண்ணாடி வளையல் ரெண்டு. பிறந்த இரண்டும் பெண்கள், இரண்டுக்கும் நெஞ்சில் சாதாரணச் சத்தம்தான். மாமியார் தையல்நாயகி அதற்காகப் பெருமூச்சு விட்டாள், அபயம் அதற்காகத் தனியாகக் கற்பூரம் ஏற்றினாள்.

குத்தாலத்தில் அவள் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தபோதுதான் வம்பு வந்தது.

"வெள்ளிக்கிழமை விசேஷம். புதன்கிழமை போய் சனிக்கிழமை வந்துடறேன்," என்றாள் அபயம்.

"புதன்லேருந்து சனி எழுபத்திரண்டு மணி நேரம்," என்றான் கும்பலிங்கம். "எனக்கு முப்பத்தாறு."

"அதான் நீங்களும் வாங்கங்கறேன்."

"வெள்ளிக்கிழமை ஊர்ல பத்தொன்பது முகூர்த்தம். நான் எப்படி நகர்றது? நீ காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடேன்."

"பதினோரு வருஷத்துல நான் பொறந்த வீட்டுல ஒரு ராத்திரி தங்கியிருக்கேனா?"

"இல்ல," என்றான், பொய் சொல்லத் தெரியாதவன். பிறகு, இதமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கே தோன்றி, யோசித்து, மனசார, கண்ணில் ஈரம் வரச் சொன்னான்: "அபயம், உன் கை மாதிரி ஒரு கை எங்க பாட்டிக்கும் கிடையாது, எங்க அம்மாவுக்கும் கிடையாது. பதினோரு வருஷமா ரெண்டு நொடி பிசகினதில்ல."

"கை சரி. மிச்சம்?"

"மிச்சம்னா?"

அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு திருகு திருகினாள், அவன் வழக்கம்போல "ஆச்சு" என்றான், அவள் பதினோரு வளையலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தாள், பெண்கள் இரண்டையும் அழைத்துக்கொண்டு மாயவரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தையல்நாயகி வாசல் வரை வந்தாளே தவிரத் தடுக்கவில்லை. அவள் புருஷன் போய் ஆறு வருஷம் ஆகியும் காலை ஆறு மணியானால் அவள் வலது கை தானாகக் காற்றில் பன்னிரண்டு முறை திரும்பும். அன்று அது வாசல் தூணில் கிடந்து திரும்பிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலைக்குள் சேதி குத்தாலத்துக்கு வந்துவிட்டது. கும்பலிங்கம் மெதுவாகிவிட்டான். கடைக்கு வந்தவர்களை அவன் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்; வைத்த காபி ஆறி ஆடை படிந்த பிறகு கை டம்ளருக்கு வருகிறது; எட்டு மணிச் சங்கு எட்டே முக்காலுக்கு ஊதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சந்தோஷமாக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பஸ்ஸிலேயே பஞ்சாபகேச சாஸ்திரிகளும் ஒரு கல்யாண மண்டபத்துக்காரரும் வந்து இறங்கினார்கள்.

"அம்மா, நாளைக்குப் பத்தொன்பது ஜோடி," என்றார் சாஸ்திரிகள். "ஒரு காதைத் திருக எத்தனை நாழியாகும் சொல்லுங்கோ."

"ரெண்டு நிமிஷம் ஆகும் சாமி. காது அவரோடதுதானே, எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

"பன்னெண்டாயிரம் இலைக்குச் சொல்லியிருக்கேம்மா," என்றார் மண்டபத்துக்காரர்.

"நல்லா பரிமாறுங்க," என்றாள் அபயம்.

வெளியே இப்படி வீறாப்பாகப் பேசினாளே தவிர, உள்ளே அவள் மணியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். மாலை ஆறு மணிக்கு முப்பத்தாறு மணி நேரம் முடிகிறது. நாலு மணிக்குக் குத்தாலத்தில் நிற்கிற கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் ஐந்தரைக்குள் போய்விடலாம். அதுவரைக்கும் அவன் வராவிட்டால் அதில் ஏறிவிடுவது என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். ஏறிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தான் ஒரு வலது கைதான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் விசேஷத்துக்கு முறுக்குச் சுற்ற உட்கார்ந்தாள். கை பன்னிரண்டு சுற்றுக்குக் குறைந்து நிற்க மறுத்ததால் முறுக்கெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்தன.

வீடு மெயின் ரோட்டிலேயே இருந்ததால் ஒவ்வொரு பஸ்ஸும் வாசலில் வேகம் குறைத்தது, ஒவ்வொரு கண்டக்டரும் படியில் தொங்கிக்கொண்டு சேதி சொன்னார்.

"தம்பி சக்கரபாணி அண்ணனைக் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு அம்மாவோட கிளம்பிட்டாரு!"

"கார் திருவிடைமருதூர்ல நின்னுபோச்சும்மா! அவரும் கிட்டத்தட்ட நின்னுட்டாரு!"

இந்தச் சேதிக்கு அபயம் முறுக்கு மாவைப் போட்டுவிட்டு எழுந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடி, கும்பகோணம் போகிற பஸ் ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். வந்தது கும்பகோணத்திலிருந்து வருகிற பஸ்தான்.

"எறங்கி நடக்கறாரு! தேர் மாதிரி ஆடி ஆடி! ஏறிக்குங்கன்னேன், உக்காந்தா நிக்குது, நடந்தா ஓடுதுங்கறாரு!"

அடுத்த கண்டக்டர் ஆடுதுறையைத் தாண்டி வந்தவர். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப குதிரை மாதிரி வர்றாரும்மா! டிக் டிக் சத்தத்துல டிரைவருக்கு ஹாரன் கேக்கல!"

அந்த பஸ்ஸிலிருந்து சக்கரபாணியும் தையல்நாயகியும் இறங்கினார்கள். சக்கரபாணிக்கு நெஞ்சில் கடிகாரம் கிடையாது, கடிகாரம் விற்கத்தான் தெரியும்; அவன்தான் முதலில் கண்டுபிடித்திருந்தான்.

"அண்ணி, ஆட்டோமேட்டிக்!" என்றான் மூச்சு வாங்க. "நம்ம கடையில விக்கறோமே, கையை ஆட்டினா தானா சாவி ஏறிக்குமே, அதே சங்கதி. மூணு தலைமுறையா எல்லாரும் கல்லாவுல உக்காந்தே கெடந்ததால யாருக்கும் தெரியல. நாலு மைல் நடந்ததும் சாவி முழுசா ஏறிடுச்சு. இனிமே அண்ணனுக்கு யாரும் திருக வேண்டாம். தினம் காவேரிக்கரையில ஒரு நடை போனா போதும்."

அபயத்துக்கு அவன் பிழைத்தான் என்ற நிம்மதி முதலில் வந்தது, அது போன கையோடு வேறொன்று வந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை. இனி அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். அவளைத் தேட அந்த வீட்டில் யாருக்கும் இனி ஒரு காரணமும் இல்லை.

"ஆடுதுறையிலேயே சொன்னேன், திரும்பிடலாம் அண்ணே, ஊருக்குப் போனா நாளைக்கு முகூர்த்தத்தைக் கவனிக்கலாம்னு. காதுலயே வாங்கல. அட, அப்ப பஸ்லயாவது ஏறுங்கன்னேன். என்ன பேசறதுன்னு யோசிக்கணுமாம், நடந்தாதான் யோசனை வருதாம்."

தையல்நாயகி ஓரமாகப் போய் உட்கார்ந்து, தன் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, அதையே பார்த்தபடி சொன்னாள்: "முப்பத்தெட்டு வருஷம். எங்க அம்மா சாவுக்குப் போயிட்டு அன்னிக்கே திரும்பினேன். அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை எந்திரிச்சு நடந்து பாத்திருக்கலாம்." பிறகு அழுதாள். அபயம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணி பஸ் வந்து நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கும்பகோணம் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சத்தம் வந்தது, பிறகு புழுதி, பிறகு கும்பலிங்கம். பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, சட்டை நனைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு. அவனுக்குப் பின்னால் ஒரு ஊர்வலம். சங்கு ஊதுகிறவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நேரம் குறித்துக்கொண்டு வந்தார்; நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர் ஒருவர், பாதி கடைந்த நாதஸ்வரத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று ஊதிக்கொண்டே வந்தார்; வழியில் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்துகொண்டவர்கள் அறுபது பேர் இருக்கும். பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள்.

கும்பலிங்கம் வாசலில் வந்து நின்றான். நாதஸ்வரம் நின்றது.

"யாரு சாவி கொடுத்தாங்க?" என்றாள் அபயம், தெரிந்துகொண்டே.

"யாரும் கொடுக்கல. நடந்தேன்."

"அப்ப இனிமே நான் வேண்டாம்."

"வேண்டாம்," என்றான் கும்பலிங்கம்.

சாஸ்திரிகள் நெற்றியில் அடித்துக்கொண்டார். சக்கரபாணி, "அய்யோ அண்ணே" என்று முனகினான். பொய் சொல்லத் தெரியாத மனிதனைப் பதினாறு கிலோமீட்டர் நடக்கவிட்டால் மட்டும் தெரிந்துவிடுமா என்ன.

"ஓடறதுக்கு வேண்டாம்," என்றான் மறுபடியும்.

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"அதைத்தான் ஆடுதுறையிலேருந்து யோசிச்சுக்கிட்டு வர்றேன். நேரமா, நேரம் சரியாயிடுச்சு. சாவியா, அது தானா ஏறுது. பசியா, ஆடுதுறையில ரெண்டு தோசை சாப்பிட்டேன். ஒவ்வொண்ணா கழிச்சுப் பாத்துட்டேன் அபயம், இங்க வர்றதுக்கு ஒரு காரணமும் மிச்சமில்ல." அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா காலு இந்தப் பக்கமேதான் வருது."

அபயத்துக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. ஊரே பார்க்கிறது என்பதால் அழுகையைச் சிரிப்பாக மாற்றப் பார்த்து, இரண்டும் இல்லாத ஒரு சத்தம் வந்தது. மிச்சத்தைப் பற்றிப் பதினோரு வருஷமாக வராத பதில் ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறது. "கால் கழுவிக்கிட்டு உள்ள வாங்க," என்றாள். அவன் உள்ளே வந்து, அந்தத் தட்டு அகல முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, ஜென்மத்தில் முதல் தடவையாக இன்னொருவரைப் பார்த்து, "மணி என்ன?" என்று கேட்டான்.

மூன்று நாளும் அங்கேயே தங்கினார்கள், தையல்நாயகியும் தங்கினாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் எழுந்து பாயில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் காதைக் காட்டினான்.

"தேவையில்லையே," என்றாள் அபயம்.

"தேவையில்ல," என்றான். காதை எடுக்கவில்லை.

அவள் இடது கையால் பிடித்தாள். அந்தக் கைக்கு இந்த வேலை புதிது, அளவு தெரியாது, கொஞ்சம் கோபமும் மிச்சம் இருந்தது. பன்னிரண்டு என்று நினைத்துப் பதினைந்து திருகிவிட்டது. கும்பலிங்கம் அன்று முழுக்க ஏழு நிமிஷம் முந்தி ஓடினான். அவன் நெஞ்சில் நேரம் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஓடிய சாஸ்திரிகளின் தயவில் கும்பகோணத்தில் பத்தொன்பது தாலியும் ஏழு நிமிஷம் முந்தியே ஏறின. பதினெட்டு ஜோடி இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள். பத்தொன்பதாவது ஜோடி எந்த நேரத்தில் கட்டியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று அவர்கள் இரண்டு பேரின் அம்மாக்களுமே சொல்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தபோது ஊர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய கடைத்தெரு நேரம் என்று ஒன்று தனியாக உண்டு, அது சில நாள் ஏழு நிமிஷம் முந்தும் என்று பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டது.

பன்னிரண்டாவது கல்யாண நாளுக்குக் கும்பலிங்கம் இடது கைக்கு ஒரு வளையல் செய்தான். ரகசியமாக இருக்கட்டும் என்று அளவு கேட்கவில்லை, வலது கை அளவையே எடுத்துக்கொண்டான். பதினோரு வருஷம் காதைத் திருகித் திருகி அந்த வலது கை இடது கையைவிடப் பருத்திருந்தது அவனுக்குத் தெரியாது. போட்டதும் வளையல் இடது கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டோடியது. மூன்று தலைமுறையில் அந்தக் கடை செய்த முதல் அளவுப் பிழை என்று அவன் முகம் வெளுத்து, உடனே உருக்கிச் சரிசெய்து தருவதாகக் கையை நீட்டினான். அபயம் கொடுக்க மறுத்துவிட்டாள். அவன் இப்போது தினமும் காவேரிக்கரையில் நடந்து தனக்கு வேண்டிய சாவியைத் தானே ஏற்றிக்கொள்கிறான். அவள் அந்த வளையல் கழன்று விழாமல் இடது கையைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்துக்கொண்டு நடமாடுகிறாள், காலை ஆறு மணிக்கு அதே கையால் அவன் காதைத் திருகுகிறாள்.